நகர்ந்துகொண்டே இருக்கும் பிறந்தநாள்

வருஷா வருஷம் மே 20-ஆம் தேதி அலுவலகத்தில் எனக்குக் கேக் வெட்டுவார்கள். மினியாபொலிஸில் மே மாதம்தான் மரமெல்லாம் துளிர்த்து ஊர் பச்சையாகும் நேரம். அதனால் எல்லாரும் நல்ல உற்சாகத்தில் இருப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு, ஒரு துண்டு கேக்கோடு என் இடத்துக்குத் திரும்பிவிடுவேன். 2009-ல் இங்கே வந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. நான் மே மாதத்தில் பிறக்கவே இல்லை என்பதை இன்றுவரை அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால் விளக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தால் பேச்சு நிலாவில் போய் நிற்கும்.

அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். தங்கள் நட்சத்திரப் பிறந்தநாள் இந்த வருஷம் என்றைக்கு என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்கிறவர்கள், கேட்க ஆள் இல்லாதவர்கள், இரண்டு பேருக்கும் பயன்படலாம்.

எனக்கு மூன்று பிறந்தநாள்

முதலாவது, பாஸ்போர்ட்டில் இருக்கும் மே 20. இது எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் பிறந்தது. என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பா கூட்டிப்போனார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி. வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். எட்டிவிட்டது. அப்புறம் அவரே ஐந்து வயது முடிகிற மாதிரி ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் தலைமுறையில் டெல்டா கிராமங்களில் படித்தவர்களின் சான்றிதழ்களைப் பாருங்கள், மே மாதக் குழந்தைகள் கொஞ்சம் அதிகமாகவே தெரிவார்கள்.

இரண்டாவது, நிஜமாகவே நான் பிறந்த ஆங்கிலத் தேதி. இது வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் குறித்து வைக்கவில்லை.

மூன்றாவது, அம்மா சொல்லும் பிறந்தநாள். "ஐப்பசி மாசம் சதயம். குறுவை அறுத்து, தாளடி நடவு நடந்துகிட்டிருந்திச்சு. நாகப்பட்டினம் புயல் அடிச்சதுக்கு அடுத்த வருஷம். வியாழக்கிழமை, வெளக்கு வைக்கிற நேரம்." அம்மாவின் கணக்கில் எல்லாமே இருக்கும். மாதம், நட்சத்திரம், பயிர், புயல், கிழமை, பொழுது. தேதி ஒன்றுதான் இருக்காது.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். ஊர்ச் சிவன் கோயிலில் அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பது பெயரும் நட்சத்திரமும்தான். அந்தச் சந்நிதியில் மே 20-க்கு எந்த மதிப்பும் கிடையாது. ஐப்பசிச் சதயத்தன்று அம்மா அர்ச்சனை செய்து, வீட்டில் பாயசம் வைத்து, இரண்டு பக்கத்து வீட்டுக்கும் ஒவ்வொரு தம்ளர் கொடுத்துவிடுவார். நான் அமெரிக்கா வந்த பிறகும் இது நிற்கவில்லை. ஆள் இல்லாமலேயே பிறந்தநாள் நடந்தது. கோயில் பிராகாரத்திலிருந்து எனக்குப் போன் வரும். "தம்பி, இன்னிக்கு உன் நட்சத்திரம். குளிச்சியா?" எனக்கு அப்போது முந்தின நாள் ராத்திரி ஏழு மணி ஆகியிருக்கும்.

நிலா தங்கும் 27 வீடுகள்

சரி, நட்சத்திரம் என்றால் என்ன? பூமியிலிருந்து பார்க்கும்போது நிலா வானத்தை ஒருமுறை சுற்றிப் பழைய நட்சத்திரத்துக்கே திரும்ப 27 நாள் 7 மணி 43 நிமிஷம் ஆகிறது. அதனால் அந்த வட்டத்தை நம் முன்னோர்கள் 27 சம பாகமாகப் பிரித்தார்கள். 360 பாகையை 27-ஆல் வகுத்தால் ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. அசுவினியில் தொடங்கி ரேவதியில் முடியும் இந்த வரிசையில் சதயம் 24-ஆவது. முழுக்கக் கும்ப ராசிக்குள் இருக்கிறது. "என் நட்சத்திரம் சதயம்" என்றால், நான் பிறந்த நேரத்தில் நிலா இந்த 24-ஆவது பாகத்தில் இருந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

நிலா ஒரு பாகத்தைக் கடக்கச் சராசரியாக 24 மணி 17 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகரும். அதனால் ஒரு நட்சத்திரம் சில சமயம் 22 மணி நேரத்திலேயே முடிந்துவிடும், சில சமயம் 26 மணி நேரம் வரை நீளும். தினசரிக் காலண்டர் தாளில் "சதயம் மாலை 6.20 வரை" என்று போட்டிருப்பது இதைத்தான்.

இந்த நேரத்தைக் கணிப்பதில் தமிழ்நாட்டில் இரண்டு முறைகள் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய முறை. நிலா ஒவ்வொரு நாளும் எங்கே இருக்கும் என்பதை எழுத்துக்கு ஓர் எண் என்ற குறியீட்டில் 248 சிறு வாக்கியங்களாக ஆக்கி வைத்திருந்தார்கள். வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் அட்டவணையே வேண்டாம். புதுச்சேரிப் பக்கம் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், 1825-ல் வந்த ஒரு சந்திர கிரகணத்தை, தரையில் சோழிகளை அடுக்கியே கணக்குப் போட்டுச் சொன்னதை ஜான் வாரன் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதர் ஒரு காகிதமும் தொடவில்லை. தொடக்க நேரத்தில் அவர் தவறியது சில நிமிஷங்கள்தான். திருக்கணிதம் இரண்டாவது முறை. வானத்தை அளந்து திருத்திய இன்றைய எண்களைக் கொண்டு கணிப்பது. இரண்டுக்கும் நடுவில் நட்சத்திரம் முடியும் நேரத்தில் சில மணி நேரம் வரை வித்தியாசம் வரலாம். "எங்க வீட்ல வாக்கியம்தான்", "நாங்க திருக்கணிதம்" என்று குடும்பத்துக்குக் குடும்பம் சொல்வதன் பின்னணி இதுதான்.

தேதி ஏன் ஓடுகிறது?

நட்சத்திரத்தைத் தருவது நிலா. ஐப்பசி என்ற மாதத்தைத் தருவது சூரியன். தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியில் இருக்கும் காலம். ஐப்பசி என்றால் துலாம். இப்போதைய ஆங்கிலக் கணக்கில் அக்டோபர் 17 அல்லது 18-லிருந்து நவம்பர் நடு வரை. ஆக நட்சத்திரப் பிறந்தநாள் என்பது இரண்டு கடிகாரம் சேர்ந்து அடிக்கும் மணி. சூரியன் துலாத்தில் இருக்கும்போது நிலா சதயத்துக்கு வரும் நாள்.

நிலா 13 சுற்று முடிக்க ஏறக்குறைய 355 நாள். வருஷத்துக்கோ 365 நாள். எனவே ஒவ்வொரு வருஷமும் சதயம் சுமார் பத்து நாள் முன்னால் வந்துவிடுகிறது. அப்படியே பின்வாங்கி ஐப்பசி முதல் தேதியையும் தாண்டிப் புரட்டாசிக்குள் விழுந்தால், அதை விட்டுவிட்டு அடுத்த சுற்றைப் பிடிக்க வேண்டும்; தேதி ஒரே தாவாகப் பதினாறு, பதினேழு நாள் பின்னால் போகும்.

இதைச் சரிபார்க்க எனக்கு ஒரு வசதி உண்டு. ராஜராஜ சோழனும் ஐப்பசிச் சதயம். தஞ்சைப் பெரிய கோயிலில் வருஷா வருஷம் சதய விழா நடக்கிறது. சதயம் வந்த நாட்களைப் பாருங்கள்:

2021 – நவம்பர் 13
2022 – நவம்பர் 3
2023 – அக்டோபர் 25
2024 – நவம்பர் 10
2025 – நவம்பர் 1

பத்து, ஒன்பது என்று இறங்கி வந்து, 2024-ல் எகிறி, மறுபடி இறங்குகிறது. ஐப்பசிக்கு 29 அல்லது 30 நாள், நிலாவின் சுற்று 27 நாள் சொச்சம் என்பதால், மாதத்தின் முதல் இரண்டு நாளில் சதயம் வந்துவிட்டால் கடைசியில் இன்னொரு சதயமும் வரும். எங்கள் வீட்டில் அப்போது பின்னால் வருவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூரியன் துலாத்திலும் நிலா கும்பத்தில் சதயத்திலும் இருந்தால் இரண்டுக்கும் இடைவெளி எப்போதும் 97-லிருந்து 140 பாகைக்குள்தான் இருக்கும். அதாவது ஐப்பசிச் சதயத்தன்று எந்த வருஷமானாலும் வளர்பிறைதான். நவமிக்கும் துவாதசிக்கும் நடுவில், பாதிக்கு மேல் பருத்த நிலா. காலண்டர் இல்லாவிட்டாலும் தலையைத் தூக்கிப் பார்த்தால் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். பத்தாம் நூற்றாண்டில் ராஜராஜன் பிறந்த நாளிலும் இதே மாதிரி நிலாதான்.

பத்தொன்பது வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகும். நிலாவின் 254 சுற்றும் 19 வருஷமும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் உங்கள் 19, 38, 57 வயதுகளில் நட்சத்திரமும் நிஜமான ஆங்கிலத் தேதியும் ஒரே நாளில், தப்பினால் ஒரு நாள் முன்பின்னாக, வந்து சேரும். இதைப் பிறகு சொல்கிறேன்.

மினியாபொலிஸில் சதயம் எப்போது?

இங்கேதான் வெளிநாட்டுக்காரனின் பிரச்சினை. நிலா சதயத்துக்குள் நுழைவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். ஆனால் அந்தக் கணத்தில் தஞ்சாவூரில் மாலை என்றால் இங்கே காலை.

ஓர் உதாரணம். அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6.30-க்குத் தஞ்சாவூரில் சதயம் தொடங்கி, சனிக்கிழமை மாலை 6.10-க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் குழப்பமே இல்லை. சூரிய உதயத்தில் எந்த நட்சத்திரம் இருக்கிறதோ அதுதான் அன்றைய நட்சத்திரம் என்பது பொதுவான வழக்கம். எனவே சனிக்கிழமை சதயம். இப்போது அதையே மினியாபொலிஸ் நேரத்துக்கு மாற்றுங்கள். அக்டோபரில் நாங்கள் பத்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கிறோம். வெள்ளி காலை 8.00-க்குத் தொடக்கம், சனி காலை 7.40-க்கு முடிவு. அந்தச் சமயத்தில் இங்கே சூரியன் எழுவது 7.50 வாக்கில். வெள்ளிக்கிழமை உதயத்தின்போது சதயம் இன்னும் வரவில்லை. சனிக்கிழமை உதயத்தின்போது போய்விட்டது. உதய விதியைக் கறாராகப் பிடித்தால் அந்த வருஷம் இந்த ஊரில் சதயம் என்ற நாளே இல்லை!

போதாக்குறைக்கு நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். பத்தரை மணி வித்தியாசம் பதினொன்றரை ஆகிவிடும். அதுவும் சரியாக ஐப்பசிக்கு நடுவில்.

இதற்கு இரண்டு தீர்வு நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள கோயில்களில் பெரும்பாலும் அந்தந்த ஊர் சூரிய உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். நீ எங்கே நிற்கிறாயோ அங்கே எழும் சூரியன்தான் உன் சூரியன் என்பது அந்தக் கட்சி. வீட்டுப் பெரியவர்கள் இன்னொரு கட்சி. ஒருமுறை அம்மாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்மூர்ல என்னிக்கோ அன்னிக்குத்தான்ப்பா. நீ பொறந்தது இங்கதான?" என்றார். மேலே பேச எனக்கு ஒன்றும் இல்லை. கைபேசியில் உள்ள பஞ்சாங்கச் செயலியில் இன்றைக்கும் ஊர் என்ற இடத்தில் தஞ்சாவூர் என்றே போட்டு வைத்திருக்கிறேன்.

ராஜராஜன் செய்த ஏற்பாடு

ஊரைவிட்டு வெளியே பிறந்தநாள் கொண்டாடுவதில் நமக்கெல்லாம் முன்னோடி ராஜராஜன்தான். ஆனால் அவன் செய்த விதம் வேறு. சேர நாட்டில் தன் சதய நாள் விழாவை நடத்த வைத்தவன் என்று ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி அவனைச் சொல்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் திருநந்திக்கரைக் குடைவரைக் கோயிலில் அவனுடைய 18-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முட்டம் என்ற ஊரை மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் மாற்றி, அரசன் பிறந்த ஐப்பசிச் சதயத்துக்கு அங்கே விழா எடுப்பதற்காகக் கொடுத்த செய்தி அது. ஜெயித்த நாட்டில் தன் பிறந்தநாளைக் கொண்டாட வைப்பது அதிகாரம். நமக்கு அடுத்த மேசைக்காரரிடம் உண்மைத் தேதியைச் சொல்லவே தயக்கம்.

என் கவனத்தை இழுத்தது வேறொன்று. பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று ஆண்டின் விழா நாட்களைக் கணக்கிடும்போது, திருச்சதயம் பன்னிரண்டு நாள் என்கிறது. மாதத்துக்கு ஒன்றாக வருஷம் முழுக்கச் சதயம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதுபோன்ற செலவுகளுக்கெல்லாம் அந்தக் கோயிலில் காசை முதலாக வைத்து, ஊர்ச் சபைகளிடம் கடனாகக் கொடுத்து, காசுக்கு அரைக்கால் காசு வருஷ வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வாங்கினார்கள். முதல் அப்படியே இருக்கும், வட்டியில் விழா நடக்கும். ஆள் மாறினாலும் அடுத்து வருகிறவன் பஞ்சாங்கம் பார்த்தே ஆக வேண்டும். தன் பிறந்தநாள் மறக்கப்படாமல் இருக்க ஓர் அரசன் செய்துவைத்த ஏற்பாடு இது.

அப்படியும் அவன் பிறந்த ஆண்டு நமக்குத் தங்கவில்லை. 2025-ல் கொண்டாடியது 1040-ஆவது சதய விழா. இந்த எண் அவன் அரியணை ஏறிய 985-லிருந்து எண்ணுவது, பிறப்பிலிருந்து அல்ல. ஆண்டு போய்விட்டது, நட்சத்திரம் நின்றது. மகன் ராஜேந்திரன் விஷயத்தில் நட்சத்திரம் நின்றது, மாதம் தடுமாறியது. மார்கழித் திருவாதிரை சிவன் கோயில்களில் பெரிய திருநாள் என்பதால் ரொம்ப நாள் அதையே அவன் பிறந்தநாளாக நினைத்தார்கள். திருவாரூர்க் கல்வெட்டைப் படித்த பிறகு ஆடித் திருவாதிரை என்று தெளிவானது. இப்போது கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடியில்தான் விழா.

ஆள்

அம்மா 2022 சித்திரையில் போய்விட்டார்.

அந்த வருஷம் மே 20-க்கு வழக்கம்போல் கேக் வெட்டினார்கள். பிறகு கோடை, இலையுதிர்காலம். நவம்பர் 4-ஆம் தேதி காலை பஸ்ஸில் போகும்போது கைபேசியில் தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கோயில் விளக்கு அலங்காரத்தில் நிற்கும் படம். கோயிலுக்கு வெளியே இருக்கும் ராஜராஜன் சிலைக்கு மாலை. இனி ஆண்டுதோறும் சதய விழா அரசு விழாவாக நடக்கும் என்று அந்த வருஷம்தான் அறிவித்திருந்தார்கள். படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நேற்று சதயம். எனக்கு யாரும் போன் பண்ணவில்லை.

வீட்டில் யார்மீதும் தப்பில்லை. மனைவி சென்னையில் வளர்ந்தவர், அவர் குடும்பத்தில் ஆங்கிலத் தேதிதான். என் பாஸ்போர்ட்டைப் பார்த்து மே 20-க்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் காலண்டர் பார்க்கும் பழக்கமே கிடையாது. அது அம்மா வேலை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நிலையான தேதியை நாமே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அலுவலகக் கணினிகூட வைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும் நாளை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் புதுக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஐப்பசிப் பக்கத்தைப் புரட்டி, சதயம் எங்கே என்று விரலால் தேடி, பேனாவால் சுழிக்க வேண்டும். ராஜராஜனுக்கு அதைச் செய்யக் கல்வெட்டும் வட்டிக் காசும் இருந்தன. எனக்கு ஒரு ஆள் இருந்தார். தூரதேசத்தில் பிறந்தநாளன்று எதுவோ குறைகிறது என்று எல்லாரும் சொல்வோம், அம்மா கைப் பாயசம் என்போம். பாயசத்தை இங்கேயும் வைத்துவிடலாம். நமக்காக அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவரைத்தான் எங்கேயும் வாங்க முடிவதில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கையெல்லாம் படித்தேன். படித்த கையோடு அம்மா சொன்ன அடையாளங்களை வைத்து என் நிஜப் பிறந்த தேதியைத் தேடினேன். நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியது 1977 நவம்பர் 12. அடுத்த வருஷ ஐப்பசியில் சதயம் ஒரே ஒருமுறைதான் வருகிறது. 1978 நவம்பர் 9. என்ன கிழமை என்று பார்த்தேன். வியாழக்கிழமை. விளக்கு வைக்கும் நேரத்தில் நிலா சதயத்தில்தான் இருக்கிறது. அம்மாவின் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் எனக்கு என் பிறந்த தேதி கிடைத்தது.

பத்தொன்பது வருஷக் கணக்கைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். எனக்கு 38 முடிந்தது 2016-ல். அந்த வருஷமும் ஐப்பசிச் சதயம் நவம்பர் 9. நட்சத்திரமும் தேதியும் ஒரே நாளில் சேர்ந்த வருஷம். அன்றைய போன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குத்தான் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். "கையில ஐநூறு ரூபா நோட்டுதான் இருந்திச்சு. குருக்கள், பரவால்ல அப்புறம் குடுங்கன்னுட்டாரு. மழையும் இல்லப்பா, நட்டதெல்லாம் காயுது" என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். இங்கே நவம்பர் 8 ராத்திரி. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின் முடிவுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டேன். இரண்டு பிறந்தநாளும் ஒன்றாக வந்த ஒரே போன் அது. இரண்டு பேருக்குமே அது தெரியாது.

அடுத்தது 2035-ல் வரும்.

உங்கள் நாளைக் கண்டுபிடிக்க

தமிழ் மாதமும் நட்சத்திரமும் தெரிந்திருந்தால் போதும். அந்த மாதம் எந்த ஆங்கிலத் தேதிகளுக்குள் வருகிறது என்று பாருங்கள். அதற்குள் உங்கள் நட்சத்திரம் சூரிய உதயத்தில் இருக்கும் நாளைப் பிடியுங்கள். இரண்டு வந்தால் வீட்டு வழக்கம். வாக்கியமா திருக்கணிதமா என்பதும் வீட்டு வழக்கம். செயலியில் ஊரை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நிற்கும் ஊரா, பிறந்த ஊரா என்பதில் நாளே மாறலாம். நட்சத்திரம் தெரியாவிட்டால், தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள், ராஜேந்திரனுக்கே தடுமாறியது. முடிந்தால் கிழமை, புயல், பயிர் எல்லாவற்றையும்.

நான் எழுதி வைத்தேன். அப்பாவின் ஆதார் அட்டையில் பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கிறது. நாள் இல்லை, மாதம் இல்லை. ஆனால் அம்மா எப்போதோ ஒருமுறை சொன்னது ஞாபகம் இருந்தது: உங்கப்பாவுக்குக் கார்த்திகை மாசம் ரோகிணி. 2022 கார்த்திகையில் செயலியைத் திறந்து, ஊர் தஞ்சாவூர் என்று இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு, நாளைக் குறித்தேன். இங்கே ராத்திரி ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது.

"அப்பா, இன்னிக்கு உங்க நட்சத்திரம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்படியா? எனக்குத் தெரியாதே. உங்கம்மாதான் சொல்லும்" என்றார்.

"குளிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இனிமேத்தான். குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வந்து பேசறேன்" என்று வைத்தார். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். பின்னால் கோயில் மணி கேட்டது. நான் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.